ஏட்டில் உறங்கிய யாழை எழுப்பிய விபுலாநந்த அடிகளார்

ஈழமணித் திருநாட்டின் கிழக்குக் கரையோரத்திலே, வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும் கல்முனையும், தெற்கே நிந்தவூரும் அமைய, ஒரு புறம் கடலும் மறு புறம் வயலுமாக விளங்கும் பழம்பதி காரைதீவு. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாலையில் தொடுத்த மணிகள் போல அடுத்தடுத்து அமைந்த இக்கரையில், கண்ணகை அம்மன் கோயில் கொண்டருளும் இவ்வூரிலே தோன்றியவர் சுவாமி விபுலாநந்தர். துறவி, கவிஞர், கல்விமான், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் எனப் பலவாறாக அவர் போற்றப்படுகிறார். பழைய ஏடுகளில் எஞ்சியிருந்த குறிப்புகளைக் கொண்டு, மறைந்துபோன தமிழ் யாழை மீண்டும் உருப்பெறச் செய்த பெருமையும் அவருக்கே உரியது. கோயில்களிலும் வீடுகளிலும் ஏட்டுச் சுவடிகள் இன்னமும் எஞ்சியுள்ள இந்த மண்ணின் அடியார்கள் அவருடைய வாழ்வின் இப்பகுதியை ஆழ்ந்து அறிந்துகொள்ளுதல் மிகவும் அவசியமானது.

பிறப்பும் கல்வியும்

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பியார், கண்ணம்மையார் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். கதிர்காமக் கந்தன்மீது பெற்றோர் கொண்ட பக்தியினால் பிள்ளை மயில்வாகனன் என அழைக்கப்பட்டான். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் ஆரம்பக் கல்வியையும், புலோலி வைத்தியலிங்க தேசிகரிடம் தமிழையும் வடமொழியையும் கற்றான். பின்னர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறாவது வயதிலேயே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தான்.

அக்காலத்தில் கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் கோயில்களில், வைகாசிச் சடங்கின்போது, கண்ணகி வழக்குரை ஏட்டிலிருந்து பாடப்படும். பட்டுத் துணியில் பொதிந்து வைத்த ஏட்டை அவிழ்த்து, ஒருவர் பாட, மற்றவர்கள் பக்தியோடு கேட்டிருப்பர். திருக்குளிர்த்தியோடு சடங்கு நிறைவெய்தும். ஏடு என்பது இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அம்மனின் சந்நிதியிலே ஓசையோடு உயிர் பெறும் பொருளாகவே அறிமுகமாயிற்று. கண்ணகியின் கதை கோயில்தோறும் ஒலிக்கும் அந்த மண்ணிலே வளர்ந்த மயில்வாகனனார், பிற்காலத்தில் தமது வாழ்நாளின் பெரும் ஆராய்ச்சிக்குச் சிலப்பதிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டது பொருத்தமானதே.

மயில்வாகனனார் ஆங்கில ஆசிரியராகப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்து, இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் என்னும் சிறப்பை எய்தினார். யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். பண்டிதரும் விஞ்ஞானியும் ஒருவரே ஆகிய இந்தச் சேர்க்கைதான் பின்னர் யாழ் நூல் தோன்றக் காரணமாயிற்று.

ஏடுகள் அழிந்த காலம்

அடிகளார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டிலே தமிழகத்தில் ஒரு முக்கிய நிகழ்ச்சி நடந்தது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் ஆராய்ந்து அச்சிற் பதிப்பித்தார். அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொல்காப்பியத்தின் உரைகளையும் கலித்தொகை முதலான நூல்களையும் ஏட்டிலிருந்து அச்சேற்றும் அரும்பணியைத் தொடங்கியிருந்தார். அச்சு வருவதற்கு முன் தமிழ் நூல்கள் பனையோலையிலேயே வாழ்ந்தன. ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மை தடவி எழுதிய ஏடு, நன்கு பேணினால் இருநூறு முந்நூறு ஆண்டுகள் நிலைக்கும். ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் சில ஆண்டுகளிலேயே பொடியாகிவிடும். ஆகவே பழைய ஏடு சிதையும் முன் புதிய ஏட்டிற் பிரதி செய்வது முன்னோரின் வழக்கமாயிருந்தது. பிரதி செய்வோர் அருகியபோது நூல்களும் அருகின.

பக்தியின் பெயராலும் ஏடுகள் அழிந்தன. ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடும் வழக்கம் தமிழகத்தின் சில இடங்களில் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சாமிநாதையர் சென்றபோது, அவை பழுதுற்றனவென்று கருதி, ஆகம முறைப்படி என எண்ணி, ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்பதை அறிந்து பெரிதும் வருந்தினார். அவற்றை அழித்தவர்கள் தீய நோக்கம் உடையவர்கள் அல்லர். பழுதான புனிதப் பொருளுக்குச் செய்யவேண்டிய மரியாதை அதுவே என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கையினால் எந்தெந்த நூல்கள் போயின என்று அறியவும் வழியில்லாமற் போயிற்று.

சைவ உலகம் இதற்கு நேர்மாறான முன்மாதிரியையும் உடையது. தில்லைக் கோயிலின் ஓர் அறையிலே பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததையும், நம்பியாண்டார் நம்பி வழிகாட்ட, சோழ மன்னன் முன்னிலையில் புற்று நீக்கப்பட்டு எஞ்சிய ஏடுகள் எடுக்கப்பட்டதையும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. ஏடு கிடைத்தும் பண் தெரியாமையால், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி திருஎருக்கத்தம்புலியூரில் கண்டறியப்பட்டு, அவரைக் கொண்டு பண் வகுக்கப்பட்டது என்றும் அப்புராணம் சொல்லும். இசைக்கு அதனை அறிந்தோரின் குரலும் வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து விளங்கும்.

துறவும் தொண்டும்

மயில்வாகனனார் 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்து பிரபோதசைதன்யர் என்னும் பிரமசரிய நாமம் பெற்றார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் ஞானோபதேசம் பெற்று விபுலாநந்தர் ஆனார். இராமகிருஷ்ண விஜயம், வேதாந்த கேசரி ஆகிய சஞ்சிகைகளின் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1925இல் இலங்கை திரும்பி, காரைதீவு, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் முதலான இடங்களில் மிஷன் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையில் 1929இல் திறக்கப்பட்ட சிவானந்த வித்தியாலயம் அவருடைய கல்விப் பணியின் சிகரம் எனலாம். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புகளுக்குத் தாமே சென்று எழுத்தறிவித்த கருணையும் அவரிடம் இருந்தது.

இவ்வளவு பணிகளுக்கிடையிலும் அவருடைய உள்ளம் பழைய நூல்களையே நாடி நின்றது. 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த மதங்க சூளாமணி, சேக்சுபியரின் நாடகங்களையும் பழந்தமிழ் நாடக இலக்கணத்தையும் இணைத்து ஆராய்ந்தது. அந்நூலை ஆக்கும்போதே, தமிழ் நாடக நூல்கள் பலவற்றின் பெயர்கள் மட்டும் எஞ்சியிருப்பதையும் நூல்கள் எஞ்சாமையையும் அவர் உணர்ந்தார்.

பதினான்கு ஆண்டுத் தவம்

1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய காலத்திலே யாழ் ஆராய்ச்சி வேகம் பெற்றது. சங்க இலக்கியம் முழுவதும் யாழ் பேசப்படுகிறது. பாணர் கையில் இருந்தது யாழ். ஈழத்தின் வடபுலத்திற்குப் பெயராயமைந்ததும் யாழ். ஆயினும் அக்கருவி எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எந்த முறையில் இசை கூட்டப்பட்டன என்று சொல்ல ஒருவரும் இல்லை. வீணை வழக்கிற்கு வந்தபின் யாழ் மறைந்துவிட்டது. வாசித்தவர்களின் மரபு அற்றுப்போயிற்று. விளக்கிய நூல்களும் மறைந்தன.

அடிகளாருக்குத் துணையாய் நின்றது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறும் அப்பகுதியிலே இளங்கோவடிகள் யாழாசிரியனின் அமைதியையும் இசை கூட்டும் முறையையும் சுருங்கக் கூறுகிறார். அதற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், தம் காலத்திற் கிடைத்த இசை நாடக நூல்களிலிருந்து பல சூத்திரங்களை எடுத்துக் காட்டுகிறார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவர் கையாண்ட நூல்களிற் சில. அடிகளார் ஆராய்ந்த காலத்தில் அவை முழுமையாக அச்சில் கிடைக்கவில்லை. உரையாசிரியர் எடுத்துக்காட்டிய அடிகளே எஞ்சியிருந்தன. அடியார்க்குநல்லார் உரையும் முழுமையாகக் கிடைத்ததன்று. இசைப்பாடல்கள் நிறைந்த கானல்வரிக்கு அவர் உரை கிடைக்கவேயில்லை. பரிபாடலின் எழுபது பாடல்களில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டே. அவற்றுக்குப் பண் வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் ஏட்டிலே குறிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பாடிய முறை கிடைக்கவில்லை.

இந்த இடத்திலே விஞ்ஞான ஆசிரியர் முன்வந்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனத் தமிழர் பெயரிட்ட ஏழிசைகளையும் அடிகளார் கணிதத்தால் அளந்தார். ஒரு நரம்பை முழு நீளத்தில் மீட்டினால் குரல் பிறக்கிறது என்று கொண்டால், அதன் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கி மீட்ட இளி பிறக்கும். இளியிலிருந்து அதன் இளி, அதிலிருந்து அடுத்தது எனத் தொடர்ந்து செல்ல ஏனைய நரம்புகளும் கிடைக்கும். பழைய சூத்திரங்கள் கூறும் இம்முறையை எண்களால் நிறுவி, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரிந்து பிறக்கும் வகையை அவர் தெளிவாக்கினார். அமராவதிச் சிற்பங்களில் கண்ட யாழின் வடிவங்களையும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் நூற் சான்றுகளோடு ஒப்புநோக்கினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் உறுப்புகளையும் அளவுகளையும் வரையறுத்தார். பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என நரம்புத் தொகை கூறப்படுகிறது.

1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் பிரபுத்த பாரத சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தபோதும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியப் பதவியை ஏற்றபின்பும், நோயுற்ற உடலோடு அவர் இப்பணியைத் தொடர்ந்தார். பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களாக யாழ் நூல் உருப்பெற்றது. தேவாரப் பண்களைத் தனி இயலாக வைத்து ஆராய்ந்தமை சைவ அடியார்கள் நன்றியோடு நினைக்கத்தக்கது. கோயில்களில் ஓதுவார்கள் வழிவழியாகப் பாடிவந்த பண்கள், மறைந்த பழம் பண்களை அறிவதற்கு அடிகளாருக்கு உயிருள்ள சான்றாக விளங்கின.

திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம்

1947ஆம் ஆண்டு யூன் 5ஆம், 6ஆம் நாட்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. திருஞானசம்பந்தப் பெருமான் ஆற்று வெள்ளத்தில் ஓடத்தைப் பதிகம் பாடியே செலுத்தி இறைவனைத் தரிசித்த திருத்தலம் அது. அடிகளார் தந்த விவரப்படி செய்யப்பட்ட கருவிகள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. நூற்றாண்டுகளாகக் காது கேளாதிருந்த யாழின் ஒலியைக் கூடியிருந்தோர் கேட்டனர். ஏட்டிலும் உரையிலும் கிடந்த எழுத்து, கருவியாகி, கருவி ஒலியாகிய நாள் அது.

அரங்கேற்றம் முடிந்து ஆறே வாரங்களில், 1947 யூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவருடைய திருமேனி கல்லடி உப்போடை சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது.

அவர் கைக்கு எட்டாத ஏடு

அடிகளாரின் மறைவுக்குப் பின் நிகழ்ந்த ஒன்றை இங்கு கூறியாக வேண்டும். அடியார்க்குநல்லார் கையாண்ட இசை நூல்களுள் பஞ்சமரபும் ஒன்று எனக் கண்டோம். 1970களில் கொங்கு நாட்டைச் சேர்ந்த தெய்வசிகாமணிக் கவுண்டர் பஞ்சமரபு ஏட்டைப் பதிப்பித்து வெளியிட்டார். மறைந்துவிட்டது என்று கருதப்பட்ட நூல் ஏட்டு வடிவில் எஞ்சியே இருந்தது. அடிகளார் பதினான்கு ஆண்டுகள் ஒவ்வொரு சூத்திரமாகப் பொறுக்கிச் சேர்த்த காலத்திலும் அவ்வேடு அழியாதிருந்தது. ஆனால் அப்படி ஓர் ஏடு உண்டு என்பது ஆராய்ச்சி உலகிற்குத் தெரியாது. ஒருவரும் அறியாத இடத்தில் கிடக்கும் ஏடு, தேடுவோருக்கு இல்லாத ஏடே ஆகும்.

கிழக்கு மண்ணில் இதற்கு நல்ல மறுமொழி ஒன்றும் உண்டு. கோயில் ஏடுகளில் வழங்கிய கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வீ. சீ. கந்தையா ஒப்புநோக்கி 1968இல் அச்சிற் பதிப்பித்தார். சடங்கில் பாடப்படும் காவியம் ஊர் கடந்து அறிஞர் கைக்கும் சென்றது. கோயிலில் பாடும் வழக்கும் அதனால் குறைந்துவிடவில்லை.

இன்று செய்யத்தக்கது

அச்சுக்குப் பின் இப்போது கணினியின் காலம். ஏட்டை எண்ணிமப்படுத்துதல் என்பது முன்னோர் செய்த பிரதியெடுத்தலின் இன்றைய வடிவமே. முதலில் ஏட்டின் தூசியை மென்மையான தூரிகையால் நீக்குவர். வறண்ட ஓலைக்கு நெகிழ்வு தர, அனுபவமுள்ளோர் புல்லெண்ணெய் தடவுவர். பின்னர் இதழ் இதழாக, இரு பக்கங்களையும், அளவுகோல் அருகில் வைத்து, உயர்ந்த தெளிவிற் படம் பிடிப்பர். எந்த ஊர், எந்தக் கோயில் அல்லது குடும்பம், எத்தனை இதழ், எவை முறிந்தவை என்பன குறிக்கப்படும். படங்களின் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் வைக்கப்படும். ஏடு உரியவரிடமே திரும்பும். அதை எவரும் எடுத்துச்செல்ல வேண்டிய தேவையில்லை.

புதுச்சேரியில் பேணப்படும் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அவை ஏறத்தாழ 11,000. இலங்கையில் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் முயற்சி ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் கூட எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கத் தந்து வருகிறது. இப்பணி அவசரமானது என்பதற்குச் சான்று தேடத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு அரிய ஏடுகளும் சாம்பலாயின. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என இக்கரை முழுவதும் வீடுகள் அழிந்தன. வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவை எவை என்று கணக்கெடுக்க யாரும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்த எதுவும் திரும்பி வரவில்லை.

எஞ்சியவை இன்னமும் உள்ளன. கோயில்களில் காவிய ஏடுகளும் சடங்கு முறை ஏடுகளும், பரிசாரிமார் வீடுகளில் வாகட ஏடுகளும், சோதிட ஏடுகளும் இருக்கக் கூடும். அயலிலுள்ள முஸ்லிம் ஊர்களிலும் வைத்திய ஏடுகளும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிய கையெழுத்துப் பிரதிகளும் பேணப்படுவதுண்டு. எந்தச் சமயத்தவர் வீட்டில் இருந்தாலும் அவை இந்த மண்ணின் செல்வமே. கோயிற் பரிபாலன சபையினர் தம் கோயிலிலும் ஊரிலும் உள்ள ஏடுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தாலே பாதிப் பணி முடிந்துவிடும். பழுதடைந்த ஏட்டைக் கடலிலோ தீயிலோ இடும் முன், அறிந்தவர் ஒருவருக்குக் காட்டவேண்டும். சடங்கிற்கு உரிய, எல்லோருக்கும் காட்டத்தகாத ஏடாயின், படத்தைக் கோயிலே வைத்திருக்கலாம். அழியாமல் இருப்பதே முதல் தேவை.

படம் பிடிப்பதோடு பணி முடிந்துவிடாது. பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. அதை வாசிக்கத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் இளையோர் சிலரேனும் வாசிக்கவும், பாடும் ஓசையைக் கேட்டுப் பழகவும் வேண்டும். முதியோர் ஏடு பாடும்போது குரலையும் பதிவு செய்து வைத்தல் நன்று. எழுத்து கிடைத்தும் ஓசை கிடைக்காமையால் விபுலாநந்த அடிகளார் பதினான்கு ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. அந்த வருத்தம் வருங்காலப் பிள்ளைகளுக்கு நேராதிருக்க, வைகாசிச் சடங்கு தோறும் ஏடு அவிழும்போதே அதற்கான ஏற்பாட்டையும் செய்துகொள்வது, அடிகளாருக்கு இக்கரையோர மக்கள் செலுத்தும் தக்க அஞ்சலியாக அமையும். அப்பணிக்கு அம்பாளின் திருவருள் துணை நிற்பதாக.